விண்ணப்பத்தில் எட்டுப் பேர், செக்கடியில் மூன்று பேர்

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். எல்லாம் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிற காலணி ஆலைகளுக்குப் போகிறவை. ஊரில் இருபது வயதுப் பெண் ஒருத்தி பகலில் வீட்டில் இருந்தால், அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவே இருக்கிற கிராமங்களை அந்தப் பேட்டை அந்த அளவுக்கு மாற்றிவிட்டது. ஆனால் நாற்பதைத் தொட்டவர்கள், கைக்குழந்தைக்காரிகள், படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறவர்கள் அந்த பஸ்ஸில் ஏற முடியாது. அவர்களுக்கு நூறு நாள் வேலை, நடவு, களையெடுப்பு, கடலை பறிப்பு. அவ்வளவுதான்.

நான் அந்த இரண்டாவது கூட்டம். களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதினேன். 2020 ஊரடங்கில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது, வேலையை விட்டேன். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி, ஆடிப் பட்டத்தில் கடலை போடுவோம். கடலையை விற்றுவிட்டு, அதே ஊர்க் கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்கி வந்து சமைக்கிறோமே என்று ஒரு நாள் உறைத்தது. மரச்செக்கு போடலாம் என்று தோன்றியது அப்படித்தான். பெரிய கனவெல்லாம் இல்லை. அரசு மானியத்தோடு கடன் வாங்கி அதைப் போட்ட கதைதான் இது.

முதலில் போனது மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலைக்கு இல்லை, ஒரு பிரவுசிங் சென்டருக்கு. அங்கே சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அது முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நாமே பத்து நிமிஷத்தில் போட்டுக்கொள்ளலாம். கட்டணம் கேட்கிற எந்த இணையதளமும் அரசுத் தளம் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்காவது அந்த 1,500 மிச்சமானால் சரி.

அப்புறம்தான் மாவட்டத் தொழில் மையம். அப்படி ஒரு அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது என்பதே எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. 1978 மே மாதம் தொடங்கிய திட்டமாம். சிறுதொழிலுக்கு வேண்டியதெல்லாம் மாவட்டத் தலைநகரிலேயே ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும், எதற்கெடுத்தாலும் மாநிலத் தலைநகருக்கு ஓடக் கூடாது என்பது அப்போதைய எண்ணம். நான் பிறப்பதற்கு முன்பே எனக்காகத் திறந்து வைத்திருந்த கதவு!

அங்கே ஒரு பெண் அலுவலர் என்னை உட்காரவைத்து, காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், 2008-ல் வந்தது, கையாளுவது கதர் கிராமத் தொழில் ஆணையம். அவர்கள் வழியாகவும் போகலாம், கதர் வாரியம் வழியாகவும் போகலாம், தொழில் மையம் வழியாகவும் போகலாம். பெண் என்பதால் நான் சிறப்புப் பிரிவு. கிராமத்தில் தொடங்கினால் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், நகரத்தில் 25. நான் கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம்.

“செக்கை எங்க போடப் போறீங்க?”

“ஆரணில ஒரு கடை வாடகைக்குப் பார்த்திருக்கேன் மேடம்.”

“ஊர்ல போட்டா எண்பதாயிரம் கூட வரும். யோசிச்சுக்குங்க.”

என் திட்ட மதிப்பு 8 லட்சம், அதில் பத்து சதவீதம் எண்பதாயிரம். கணக்கு சரிதான். நானும் உடனே ஊரிலேயே என்று முடிவு பண்ணிவிட்டேன். இன்று திரும்பிப் பார்த்தால் அந்த எண்பதாயிரத்தில் பெரும்பகுதி எண்ணெயை ஆரணிக்குக் கொண்டுபோன டீசலுக்கே போயிருக்கிறது. ஆனாலும் வருத்தமில்லை. ஆரணியில் போட்டிருந்தால் என்னிடம் வேலை செய்கிற யாரும் வந்திருக்க மாட்டார்கள், நானே மாமியாரை விட்டுவிட்டுப் போயிருக்க முடியாது. ஆனால் எந்த இடம் என்று மானியத்தைப் பார்த்து முடிவெடுத்தேனே, அது தப்பு. வாங்குகிறவர் எங்கே இருக்கிறார் என்றுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு தப்பைச் செய்வதற்கு ஒரு நாள்தான் பாக்கி இருந்தது. செக்குக்கு முன்பணம் கொடுக்கப் பணத்தை எடுத்துவைத்துவிட்டேன். “கடன் அனுமதி வராம ஒரு போல்ட் கூட வாங்காதீங்க” என்றார் அந்த அலுவலர். இந்தத் திட்டம் புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கிற தொழில், வேறு அரசு மானியம் வாங்கிய தொழில் எதற்கும் இடமில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் கைக்காசு போட்டு மாவு மில் ஆரம்பித்து, ஆறு மாதம் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் அரசிடம் கேட்க வேண்டும் என்று கௌரவமாக நினைத்தார். அந்த கௌரவத்தால் மானியம் போச்சு.

திட்ட அறிக்கை எழுதித் தர ஒருவர் வந்தார். புரோக்கர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, கன்சல்டன்ட் என்றார். செக்குக்கு உண்மையான விலையைவிட ஒன்றரை லட்சம் கூட்டி கொட்டேஷன் வாங்கித் தருகிறேன், அந்தக் கூடுதலில் உங்கள் 5 சதவீதமும் அடைந்துவிடும், கையில் காசும் நிற்கும் என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷம் கணக்கு எழுதிய புத்தி ஒரு ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தது. ஒன்றரை லட்சம் கூட்டினால் 35 சதவீதப்படி கூடுதல் மானியம் ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. மீதி தொண்ணூற்றேழாயிரத்து ஐந்நூறு நான் கட்ட வேண்டிய பணம். கடனோ சொந்தப் பங்கோ, எந்தப் பேரில் இருந்தாலும் என்னுடையதுதான். செக்கு அதே செக்குதான். இல்லாத இரும்புக்கு ஐந்து வருஷம் தவணை கட்டவா? மூன்று வருஷம் கழித்து நேரடிச் சரிபார்ப்புக்கு வருகிறவர்கள் இயந்திரத்தையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்பது வேறு. வேண்டாம் என்றேன். ஆனால் அறிக்கையை மட்டும் அவரே எழுதினார், நான் காசு கொடுத்தேன். அதில்தான் அந்த எட்டு வந்தது.

படிவத்தில் எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. நான் மூன்று என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே எட்டு என்று போட்டார். “எல்லாரும் எட்டுதான் போடுவாங்க மேடம்.” அப்போது விளையாட்டாகத் தோன்றியது. பிறகு 2021-22க்கான அரசுக் கணக்கைப் படித்தேன்: நாடு முழுக்க 1.03 லட்சம் புதிய யூனிட், 8.25 லட்சம் பேருக்கு வேலை. வகுத்துப் பாருங்கள், யூனிட்டுக்கு எட்டு! ஆளை எண்ணி வந்த கணக்கு மாதிரி எனக்குத் தெரியவில்லை, பெருக்கி வந்த கணக்கு மாதிரிதான் தெரிகிறது. அந்தப் பெருக்கலில் என் செக்கும் ஒன்று.

வங்கிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது. முதலில் போன கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். சிறுதொழிலுக்குப் பத்து லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி. அதற்குத்தான் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதைச் சொன்னேன். “விதியெல்லாம் எங்களுக்கும் தெரியும்மா” என்று பதில் வந்தது. நாலு மாதம் கழித்து விண்ணப்பம் ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்று இணையத்தில் காட்டியது. முன்பெல்லாம் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கும். 2020-ல் அதை எடுத்துவிட்டு, மதிப்பெண் போட்டு நேராக வங்கிக்கு அனுப்புகிற முறை வந்தது. ஒரு படி குறைந்தது நல்லதுதான். ஆனால் கடைசிப் படி வங்கிதான், அங்கே யாரும் கையைப் பிடித்து ஏற்றிவிட மாட்டார்கள். தொழில் மையத்தில் அழாத குறையாகச் சொன்னேன். வேறு வங்கிக்கு மாற்றினார்கள். இரண்டாவது கிளையின் மேலாளர் இளம் வயதுக்காரர், எங்கள் வீட்டுக்கே வந்து இடத்தைப் பார்த்தார். கடலை விலை என்ன, புண்ணாக்கு விலை என்ன என்று கேட்டார். அறிக்கையைப் புரட்டவே இல்லை. நான் மனசிலிருந்து சொன்ன கணக்கைக் கேட்டுக்கொண்டார், மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. வாய்ப்புக் கிடைத்தால் வங்கிக்கு நீங்களே போங்கள், உங்கள் எண்களை நீங்களே சொல்லுங்கள்.

பயிற்சி பத்து நாள். முதல் மூன்று நாள் எனக்குத் தூக்கம்தான். தன்னம்பிக்கை பற்றி அவ்வளவு பேசினால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். ஆனால் நான்காம் நாள் உணவுப் பொருள் சட்டங்கள் பற்றி ஒருவர் பேசினார், அது தங்கம். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது, அடைத்துத்தான் விற்க வேண்டும் என்பது அங்கேதான் தெரிந்தது. நான் ஊர்க்காரர்கள் பாத்திரம் எடுத்துவர, அளந்து ஊற்றுவதாக மனக்கோட்டை கட்டியிருந்தேன். அப்போதைய விதிப்படி வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு போதும், வருஷத்துக்கு நூறு ரூபாய். பாட்டிலில் அடைத்து விற்றால் எடையளவுச் சட்டப்படி இன்னொரு பதிவு, அது தொழிலாளர் துறை அலுவலகத்தில். எண்ணெய்க்கும் தொழிலாளர் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், தராசு அவர்கள் கையில் இருக்கிறது.

இப்போது மானியத்தைப் பற்றி யாரும் எனக்கு முதலில் சொல்லாத ஒன்று. அது நம் கைக்கு வராது. 8 லட்சத்தில் என் பங்கு 40,000, வங்கி கொடுத்தது 7,60,000. மானியமான 2,80,000 வங்கிக்கு வந்து, என் பெயரில் மூன்று வருஷம் வைப்புத் தொகையாக உட்காரும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு வட்டியும் போட மாட்டார்கள். ஆக 4,80,000-க்குத்தான் வட்டி. மூன்று வருஷம் தொழில் ஓடி, நேரில் வந்து பார்த்த பிறகு அந்தத் தொகையைக் கடனில் கழிப்பார்கள். இதுவரை சரி. ஆனால் கடன் கொடுத்த நாளுக்கும் மானியம் வந்து சேர்ந்த நாளுக்கும் நடுவே எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் முழுக் கடனுக்கும் வட்டி ஓடியது, மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் அதிகம். திட்ட அறிக்கையில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. விண்ணப்பம் போட்டதிலிருந்து முதல் லிட்டர் எண்ணெய் விற்றது வரை பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதச் சாப்பாட்டுக்கு டெம்போ இருந்தது. அது இல்லாத வீட்டில் இந்த வேலையில் இறங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

மின்சாரத்தில் நானே சறுக்கினேன். செக்கு ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். கொட்டகைக்கு, முன்பு அங்கே கடை வைத்திருந்தபோது வாங்கிய வணிக இணைப்பு இருந்தது, அதிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தொழிற்சாலைக் கட்டணம் வேறு, குறைவு. மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுக்கவே மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். இன்னொன்று: புதிய குறுந்தொழில் உற்பத்தி யூனிட்டுகளுக்கு மின் கட்டணத்தில் 20 சதவீதத்தை மூன்று வருஷத்துக்கு மாநில அரசு மானியமாகத் திருப்பித் தருகிறது, அதையும் தொழில் மையம் வழியாகத்தான் கேட்க வேண்டும். கேட்டால்தான் வரும். கடன் வந்தவுடன் தொழில் மையத்தை மறந்துவிடுகிறோமே, அங்கேதான் நஷ்டம். செக்கு ஓட ஆரம்பித்த வாரத்தில் நான் அங்கே இன்னொரு முறை போயிருக்க வேண்டும்.

செக்கு ஓடத் தொடங்கி இரண்டாம் மாதம் உலக்கையில் விரிசல் விழுந்துவிட்டது. இயந்திரம் விற்றவர்களுக்கு போன் போட்டால் மெக்கானிக் வெளியூரில், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். பதினெட்டு நாள் செக்கு சும்மா நின்றது. கடைசியில் ஆரணியில் ஓர் ஆசாரியைப் பிடித்தோம். நல்ல வாகைக் கட்டையில் கடைந்து மாட்டினார், அதற்கப்புறம் அவர்தான் எங்களுக்கு மெக்கானிக். இப்போது சுற்றுவட்டாரத்தில் நாலைந்து செக்குக்கு உலக்கையும் உரலும் பார்க்கிறார். அவருடைய வேலை எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. நான் எட்டு என்று பொய் எழுதியதில் அவரைப் போன்ற அரை ஆட்களைக் கூட்டினால் ஒருவேளை நாலரை வரும்.

வேலைக்கு ஆள் விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் மூன்று பேர். ஒருவர் நாற்பத்தைந்து வயது அக்கா, பருப்பு பொறுக்குவதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. சொத்தைக் கடலை ஒன்று விடாமல் எடுப்பார், எண்ணெய் காறாமல் இருப்பது அவர் கண்ணில்தான் இருக்கிறது. இன்னொருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்து 2020-ல் ஊர் திரும்பி, மறுபடி போகாத தம்பி. செக்கு ஓட்டுவது அவர் பொறுப்பு. மூன்றாவது ஒரு பெண், மதியம் இரண்டு மணி வரை மட்டும், பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் போய்விடுவாள். நாங்கள் தொடங்கிய 2022-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 281 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். அதற்குக் கீழே சொன்னால் யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. நான் 350-ல் ஆரம்பித்தேன். அறிக்கையில் எட்டுப் பேருக்கு எழுதியிருந்த சம்பளத்தை மூன்று பேருக்குப் பிரித்தால்தான் மனுஷக் கூலி வருகிறது என்பது ஒரு வேடிக்கை.

இந்தக் கூலி எங்கிருந்து வருகிறது என்றால் புண்ணாக்கிலிருந்து. எங்கள் பக்கம் பருப்பு விலை 80 கிலோ மூட்டைக்குப் பேசுவார்கள். ஒரு லிட்டருக்கு இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ பருப்பு பிடிக்கும், ஆக ஒரு மூட்டைக்கு முப்பத்துமூன்று லிட்டர் பக்கம் எண்ணெய், 45 கிலோவுக்கு மேல் புண்ணாக்கு. எண்ணெய் விற்ற காசு பருப்புக்கும் பாட்டிலுக்கும் போய்விடும். புண்ணாக்குதான் சம்பளமும் கரண்டு பில்லும். திட்ட அறிக்கையில் புண்ணாக்கு ‘இதர வருவாய்’ என்று கடைசி வரியில் கிடந்தது. மாடு வைத்திருப்பவர்கள்தான் என் உண்மையான வாடிக்கையாளர்கள் என்று புரியவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. எண்ணெய்க்கு வாட்ஸ்அப் குரூப், ஸ்டிக்கர், கண்காட்சி என்று அலைந்தேன், புண்ணாக்கு வாசலிலேயே தீர்ந்துபோனது. இன்னொரு சின்ன விஷயம்: ஒரு லிட்டர் கடலெண்ணெய் சுமார் 910 கிராம்தான். கிலோ விலையையும் லிட்டர் விலையையும் குழப்பிக்கொண்டு முதல் மாதம் பத்துக்கு ஒன்று வீதம் நஷ்டப்பட்டேன். கணக்கெழுதியவள்தான் நான், இருந்தும்!

2022 மார்ச்சில் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது நினைவிருக்கும். அந்தச் சில மாதம் பாக்கெட் எண்ணெய்க்கும் செக்கெண்ணெய்க்கும் விலை வித்தியாசம் சுருங்கி, ஆரணியிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். நான் அதை என் திறமை என்று நம்பி இருபது மூட்டைப் பருப்பு கூடுதலாக வாங்கிவைத்தேன். பாக்கெட் விலை இறங்கியதும் வந்தவர்களில் கால்வாசி கூட மிச்சமில்லை. பருப்பில் வண்டு விழுந்தது.

எந்தத் திட்டம் நல்லது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆளைப் பொறுத்தது. பட்டம், டிப்ளமோ, ஐடிஐ முடித்து பத்து லட்சத்துக்கு மேல் யோசிக்கிற முதல் தலைமுறைக்காரர்களுக்கு மாநில அரசின் நீட்ஸ் என்கிற புதிய தொழில்முனைவோர் திட்டம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீத மானியத்தோடு வட்டியிலும் 6 சதவீதம் குறைகிறது. கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம், மூன்று லட்சம் வரை கடன், 50,000 வரை மானியம். வேறு மாவட்டத்தில் இருக்கிற என் சிநேகிதி ஒருத்தி, உலக வங்கி உதவியில் நடந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் மதி சிறகுகள் தொழில் மையத்துக்குப் போனாள். அது 120 வட்டாரங்களில்தான் இருந்தது. மாவட்டத் தலைநகருக்குப் போகாமல் பக்கத்திலேயே திட்டம் எழுதிக் கொடுத்து, வங்கிக்குக் கூடவே வந்து, கடனில் 30 சதவீதம் இணை மானியமும் கொடுத்தார்கள். கூடவே வங்கிக்கு வந்தார்கள் என்று அவள் சொன்னபோதுதான் எனக்குப் பொறாமையாக இருந்தது, 30 சதவீதத்துக்காக இல்லை.

மூன்று வருஷம் முடிந்து நேரில் பார்க்க வந்தார்கள். செக்கு ஓடிக்கொண்டிருந்தது, பில்லும் இயந்திரமும் ஒத்துப்போயின. திட்டத்தின் பெயர்ப் பலகை வாசலில் இருக்க வேண்டும் என்பது விதி, அது வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. புதிதாக எழுதச் சொன்னார்கள். மூன்று பேரையும் கூப்பிட்டுப் பெயர் கேட்டுக்கொண்டார்கள். எட்டுப் பேர் எங்கே என்று கேட்பார்களோ என்று நெஞ்சு அடித்தது. கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் தெருக் கோடி வீட்டுப் பெண் வந்தாள். இரண்டு வருஷம் கம்பெனி பஸ்ஸில் போனவள், கல்யாணமாகிக் குழந்தை பிறந்து இப்போது வீட்டில். சத்துமாவு போட வேண்டுமாம். படிவத்தை என் முன்னால் விரித்தாள். “இதுல எத்தினி பேருக்கு வேலைன்னு கேக்கறாங்க அக்கா, எட்டு போடவா? எல்லாரும் அதான் போடுவாங்களாம்.”

“யாரை வேலைக்குக் கூப்பிடப் போற? பேரைச் சொல்லு.”

விரலை மடக்கி எண்ணினாள். அவள் அக்கா, அப்புறம் வறுக்கிறதுக்கு எதிர்வீட்டு அம்மா. மூன்றாவது விரலை மடக்கப் போய், நிறுத்தி, கொஞ்ச நேரம் யோசித்தாள். இரண்டு என்று எழுதினாள்.